காருக்குள் எரியும் சின்ன விளக்கு: ரூஃப் லைட்டை எல்.இ.டி. ஆக மாற்றுவது எப்படி?

(மூன்றாம் ஆண்டு, ஆட்டோமொபைல் பிரிவு)

முன்னுரை

விழுப்புரத்திலிருந்து செஞ்சிக்குப் போகிற வழியையொட்டி மண்டகப்பட்டு என்று ஓர் ஊர் இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட முதலாம் மகேந்திரவர்ம பல்லவன் அங்கே பாறையைக் குடைந்து ஒரு கோயில் எடுத்தான். செங்கல் இல்லை, மரம் இல்லை, உலோகம் இல்லை, சுண்ணாம்பு இல்லை. இவை எதுவும் சேராமல் பிரம்மா, சிவன், விஷ்ணு மூவருக்கும் எடுத்த கோயில் இது என்று கல்வெட்டிலும் பொறித்து வைத்தான். அந்தக் காலத்துக் கட்டடக்காரர்கள் 'இது இல்லாமல் ஆகாது' என்று நினைத்திருந்த நான்கு பொருள்களையும் அவன் தள்ளிவிட்டான்.

எல்.இ.டி. விளக்கும் அப்படித்தான். பல்பு என்றால் இழை வேண்டும், கண்ணாடிக் குமிழ் வேண்டும், உள்ளே வெற்றிடமோ வாயுவோ வேண்டும் என்றுதான் ஒரு காலத்தில் நினைத்தோம். எல்.இ.டி.யில் இவை ஒன்றும் கிடையாது. கடுகளவு படிகத்துக்குள்ளிருந்தே வெளிச்சம் வருகிறது.

இந்தக் கட்டுரையில் பெரிய ஆராய்ச்சி எதுவும் இல்லை. காரின் கூரையில் இருக்கும் பழைய பல்பைக் கழற்றி எல்.இ.டி. போடுவது பற்றி மட்டும் பார்க்கப் போகிறோம். 'இது என்ன பெரிய வேலை, அஞ்சு நிமிஷம்' என்று தோன்றும். வேலை அஞ்சு நிமிஷம்தான். ஆனால் அதைத் தப்பாகச் செய்தால் பாட்டரி காலியாகும், வயர் உருகும். செஞ்சிப் பக்கம் இது நமக்கு முக்கியமான விஷயம். அமாவாசை இரவு மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்கு எத்தனையோ வேன்களும் கார்களும் வருகின்றன. செஞ்சிக் கோட்டையும் 2025-ல் 'மராட்டிய இராணுவ நிலக்காட்சிகள்' என்ற தொகுப்பில் ஒன்றாக யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்துவிட்டது. இந்த வண்டிகளில் வயர் வேலை செய்யப் போவது நாளைக்கு நாம்தான்.

1. எல்.இ.டி. வந்த கதை

ஒரு படிகத்தில் மின்சாரம் பாயும்போது வெளிச்சம் வருவதை 1907-ல் ஹென்றி ஜோசப் ரவுண்ட் என்ற ஆங்கிலேயர் சிலிக்கன் கார்பைடில் பார்த்துப் பதிவு செய்தார். 1962-ல் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் நிக் ஹோலன்யாக் கண்ணுக்குத் தெரியும் சிவப்பு எல்.இ.டி.யைச் செய்தார். ரேடியோ, டேப் ரிக்கார்டர், ஸ்டெபிலைசர் ஆகியவற்றில் நாம் பார்த்த சிவப்புப் பொட்டு அந்த வம்சம்தான்.

சிவப்பு வந்தும் வெள்ளை வரவில்லை. காரணம், நீலம் கிடைக்கவில்லை. பிரகாசமான நீல எல்.இ.டி.யை ஜப்பானியர்களான அகசாகி, அமானோ, நகமுரா மூவரும் 1990-களில் சாதித்தார்கள். அதற்காக 2014-ல் அவர்களுக்கு இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. நீலச் சில்லின் மேல் மஞ்சள் ஒளி தரும் பாஸ்பர் பூச்சைத் தடவினால், நீலமும் மஞ்சளும் கலந்து கண்ணுக்கு வெள்ளையாகத் தெரியும். இன்று கடையில் வாங்கும் வெள்ளை எல்.இ.டி. பெரும்பாலும் இதுதான். நம் நாட்டில் 2015 ஜனவரி 5-ல் தொடங்கிய உஜாலா திட்டத்துக்குப் பிறகு இது வீட்டுக்கு வீடு வந்துவிட்டது.

2. கூரையில் இருப்பது என்ன பல்பு?

கழற்றுவதற்கு முன்னால் என்ன பல்பு என்று தெரிய வேண்டும். காருக்குள் முக்கியமாக இரண்டு வகை உண்டு.

(அ) ஃபெஸ்டூன் பல்பு: நீட்டுவாக்கில் சின்னக் குழாய் மாதிரி இருக்கும். இரண்டு முனையிலும் உலோகத் தொப்பி. இரண்டு ஸ்பிரிங் கிளிப்புகளுக்கு நடுவே உட்காரும். 31, 36, 39, 41 மில்லிமீட்டர் என்று பல நீளங்களில் வருகிறது. 5 வாட் அல்லது 10 வாட்.

(ஆ) கேப்லெஸ் பல்பு: அடியில் உலோகத் தொப்பி இல்லாமல், கண்ணாடியே ஆப்பு மாதிரி தட்டையாக இருக்கும். அழுத்தினால் உட்காரும், இழுத்தால் வரும். கடையில் 'டி-10' என்று கேட்டால் கொடுப்பார்கள். இது பெரும்பாலும் 5 வாட்.

சாதாரண 5 வாட் ஃபெஸ்டூன் பல்பு ஏறக்குறைய 45 லூமன் வெளிச்சம் தரும். அதாவது ஒரு வாட்டுக்கு 9 லூமன். மீதி மின்சாரம் எல்லாம் சூடாகப் போகிறது. பழைய கார்களில் ரூஃப் லைட்டின் பிளாஸ்டிக் மூடி பழுப்பேறி, நடுவில் வெடித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தச் சூட்டின் வேலைதான் அது. நல்ல எல்.இ.டி. ஒரு வாட்டுக்கு 80 லூமனுக்கு மேல் தரும்.

3. என்ன மிச்சம்? கணக்குப் போட்டுப் பார்ப்போம்

'எல்.இ.டி. போட்டால் பெட்ரோல் மிச்சம்' என்று சிலர் சொல்வார்கள். ரூஃப் லைட் ஒரு நாளைக்கு 10 நிமிடம் எரிகிறது என்று வைத்துக்கொள்வோம். 10 வாட் பல்பு ஒரு வருடத்துக்கு எடுப்பது சுமார் 608 வாட்-மணி. ஒரு யூனிட் கூட வரவில்லை! இதில் பெட்ரோல் மிச்சம் என்று பேசுவது வெறும் வியாபாரப் பேச்சு.

உண்மையான லாபம் வேறு இடத்தில் இருக்கிறது. கதவு சரியாகச் சாத்தாமல், அல்லது சுவிட்சை அணைக்க மறந்து, வண்டியை விட்டுவிட்டுப் போகிறோமே, அப்போதுதான் வித்தியாசம் தெரியும். சின்ன காரில் 35 ஆம்பியர்-மணி பாட்டரி இருக்கிறது. அதில் பாதி, அதாவது 17.5 ஆம்பியர்-மணி இறங்கிவிட்டால், காலையில் ஸ்டார்ட் ஆகும் என்று நம்பக் கூடாது. இப்போது பாருங்கள்:

10 வாட் பழைய பல்பு: 0.83 ஆம்பியர். பாதி பாட்டரி இறங்க சுமார் 21 மணி நேரம்.

1 வாட் எல்.இ.டி.: 0.083 ஆம்பியர். பாதி பாட்டரி இறங்க சுமார் 210 மணி நேரம்.

சனிக்கிழமை சாயங்காலம் மறந்துவிட்டுப் போன விளக்கு திங்கட்கிழமை காலையில் நம்மைத் தள்ள வைக்குமா வைக்காதா என்பது இந்தக் கணக்கில்தான் இருக்கிறது. எல்.இ.டி. மாற்றுவதற்கு இந்த ஒரு காரணமே போதும்.

4. '12 வோல்ட்' என்பது 12 வோல்ட் அல்ல

இதுதான் இந்தக் கட்டுரையின் உயிர்நாடி. கவனமாகப் படிக்கவும்.

முழுதாகச் சார்ஜ் ஆன கார் பாட்டரி, எஞ்சின் ஓடாதபோது சுமார் 12.6 வோல்ட் காட்டும். எஞ்சின் ஓடும்போது ஆல்டர்னேட்டர் சார்ஜ் கொடுப்பதால் 13.8 முதல் 14.4 வோல்ட் வரை ஏறும். இழை பல்பு இதைப் பொறுத்துக்கொள்ளும். எல்.இ.டி. பொறுக்காது. ஏன் என்று பார்ப்போம்.

ஒரு வெள்ளை எல்.இ.டி.க்குச் சுமார் 3.2 வோல்ட் வேண்டும். மூன்றைத் தொடர் இணைப்பில் வைத்தால் 9.6 வோல்ட். மீதி வோல்டேஜை ஒரு ரெசிஸ்டர் தாங்க வேண்டும். எல்.இ.டி.க்கு 20 மில்லி ஆம்பியர்தான் அளவு என்று வைத்துக்கொள்வோம்.

மலிவாகச் செய்கிறவர் 12 வோல்டுக்குக் கணக்குப் போடுகிறார். 12 – 9.6 = 2.4 வோல்ட். 2.4 ÷ 0.02 = 120 ஓம். மேஜையில் வைத்துப் பார்த்தால் பளிச்சென்று எரியும். காரில் மாட்டி எஞ்சினை ஓட்டினால்? 14.4 – 9.6 = 4.8 வோல்ட். 4.8 ÷ 120 = 40 மில்லி ஆம்பியர். வோல்டேஜ் ஏறியது ஐந்தில் ஒரு பங்கு, கரண்ட் ஏறியது இரண்டு மடங்கு! ரெசிஸ்டரில் ஆகும் சூடு 0.19 வாட். அங்கே 1/8 வாட் ரெசிஸ்டர் இருந்தால் கருகிப் போகும். 'எல்.இ.டி. பத்து வருஷம் உழைக்கும்னாங்க, ரெண்டு மாசத்துல போச்சு' என்று புலம்புகிற வண்டிக்காரர்களின் கதை பல நேரம் இதுதான்.

சரியாகச் செய்கிறவர் 14.4 வோல்டுக்குக் கணக்குப் போடுகிறார். 4.8 ÷ 0.02 = 240 ஓம். எஞ்சின் ஓடாதபோது 12.6 வோல்டில் 12.5 மில்லி ஆம்பியர்தான் போகும். வெளிச்சம் கொஞ்சம் குறையும், ஆனால் ஆயுள் நிற்கும். (எல்.இ.டி.யின் வோல்டேஜும் கரண்டோடு சிறிது மாறும் என்பதால் இவை தோராயக் கணக்குகள்.) இதைவிட நல்ல விளக்குகளில் ரெசிஸ்டருக்குப் பதில் கரண்டை நிலையாக வைக்கும் சின்ன ஐ.சி. இருக்கும். வாங்கும்போது '12 வோல்ட்' என்று மட்டும் போட்டதைவிட, '9 முதல் 16 வோல்ட் வரை' என்கிற மாதிரி ஒரு வரம்பு போட்டிருப்பதை எடுங்கள்.

5. செய்முறை

தேவையானவை: மல்டிமீட்டர், பிளாஸ்டிக் ஸ்கேல் அல்லது ஐஸ் குச்சி, வெர்னியர், புதிய விளக்கு.

(1) சாவியை எடுத்துவிட்டு, ரூஃப் லைட்டின் ஃபியூஸைக் கழற்றவும். பல வண்டிகளில் இந்த விளக்குக்குச் சாவி இல்லாமலே எப்போதும் பாசிட்டிவ் வந்துகொண்டிருக்கும். கதவு சுவிட்ச் நெகட்டிவ் பக்கம்தான் இருக்கும். அதாவது விளக்கு அணைந்திருந்தாலும் கிளிப்பில் 12 வோல்ட் நிற்கிறது.

(2) எரிந்துகொண்டிருந்த பல்பை உடனே தொடாதீர்கள், கை சுடும். கொஞ்சம் ஆறட்டும்.

(3) மூடியை ஸ்கேல் அல்லது குச்சியால் ஓரத்தில் நெம்பி எடுக்கவும். ஸ்குரூ டிரைவர் வேண்டாம். பிளாஸ்டிக் உடையும். ஃபியூஸைக் கழற்ற மறந்திருந்தால் பாசிட்டிவ் கிளிப்பும் கூரைத் தகடும் ஷார்ட் ஆகும்.

(4) பல்பைத் தொப்பியோடு முனைக்கு முனை அளக்கவும். 39-க்குப் பதில் 41 போட்டு அமுக்கினால் கிளிப் விரியும். 36 போட்டால் தொளதொளவென்று ஆடும். ஆடுகிற இணைப்பில் பொறி பறக்கும், தொப்பி கருகும்.

(5) கிளிப்பில் பச்சை பூத்திருந்தால் மெல்லிய எமரித் தாளால் தேய்த்து, தூசியைத் துடைக்கவும்.

(6) எல்.இ.டி.யை மாட்டவும். அதன் முதுகில் அலுமினியத் தகடு இருந்தால் அது கூரை இரும்பையோ மற்ற கிளிப்பையோ தொடக் கூடாது.

(7) ஃபியூஸைப் போட்டு, சுவிட்சின் மூன்று நிலைகளிலும் (ஆன், ஆஃப், டோர்) பார்க்கவும். எரியவில்லை என்றால் உடனே 'பீஸ் போச்சு' என்று தூக்கிப் போட வேண்டாம். எல்.இ.டி. ஒரு டயோடு, ஒரு திசையில்தான் எரியும். திருப்பி மாட்டுங்கள். உள்ளே பிரிட்ஜ் ரெக்டிஃபயர் வைத்த விளக்கு என்றால் எப்படி மாட்டினாலும் எரியும்.

(8) எல்லாக் கதவையும் சாத்தி, பாட்டரியின் நெகட்டிவ் கேபிளுக்கு நடுவே அம்மீட்டரை வைத்து, வண்டி தூங்கும்போது எவ்வளவு கரண்ட் போகிறது என்று பார்க்கவும். 50 மில்லி ஆம்பியருக்கு மேல் நின்றால் எங்கோ கசிவு இருக்கிறது. மீட்டர் இணைத்திருக்கும்போது யாரையும் ஸ்டார்ட் போட விடாதீர்கள், மீட்டர் போய்விடும்.

6. அணைத்தும் மினுக் மினுக்

சில புதிய கார்களில் கதவைச் சாத்தி விளக்கு அணைந்த பிறகும் எல்.இ.டி. மட்டும் மங்கலாக எரிந்துகொண்டே இருக்கும். பேய் பிசாசு ஒன்றும் இல்லை. அந்தக் காரில் விளக்கை ஆள்வது எலெக்ட்ரானிக் கண்ட்ரோல் யூனிட். அது அணைத்த பின்னும் ஓரிரு மில்லி ஆம்பியர் கசியலாம். இழை பல்பு அந்தக் கரண்டில் சூடே ஆகாது, அதனால் தெரியாது. எல்.இ.டி.க்கு அது போதும்.

வழி என்ன? விளக்குக்கு இணையாக 1000 ஓம், அரை வாட் ரெசிஸ்டர் ஒன்றை வைக்கலாம். 2 மில்லி ஆம்பியர் கசிந்தால் அதன் மேல் 2 வோல்ட்தான் நிற்கும், மூன்று எல்.இ.டி.க்கும் அது போதாது. விளக்கு எரியும்போது ரெசிஸ்டர் எடுப்பது 14.4 மில்லி ஆம்பியர், சூடு 0.21 வாட். அதனால்தான் கால் வாட் போடாமல் அரை வாட் போடச் சொல்கிறோம்.

7. ஸ்டிரிப் லைட் என்னும் வினை

பல்பு மாற்றுவதோடு நின்றால் பரவாயில்லை. இப்போது டாக்சி, வேன் எல்லாவற்றிலும் கூரையைச் சுற்றி எல்.இ.டி. ஸ்டிரிப் ஒட்டுவது ஒரு மோகம். நாங்கள் பார்த்த ஒரு டூரிஸ்ட் வண்டியில் ஸ்டிரிப்பின் வயர் நேராகப் பாட்டரிக்கே போயிருந்தது.

"ஏண்ணே, இதுக்கு ஃபியூஸ் எங்கே?"

"ஃபியூஸ் எதுக்கு தம்பி? எல்.இ.டி. கரண்டே இழுக்காதுன்னு கடையில சொன்னாங்க."

கரண்டே இழுக்காதா? மீட்டருக்கு 60 பெரிய எல்.இ.டி. உள்ள ஸ்டிரிப், மீட்டருக்கு 14.4 வாட் எடுக்கும். இரண்டு மீட்டர் என்றால் 28.8 வாட், 2.4 ஆம்பியர். பழைய 10 வாட் பல்பைப் போல மூன்று மடங்கு! மேல்மலையனூரில் வண்டியை நிறுத்தி, அழகுக்காக ஸ்டிரிப்பை எரியவிட்டால், ஏழு மணி நேரத்தில் 35 ஆம்பியர்-மணி பாட்டரி பாதி காலி. ஊஞ்சல் உற்சவம் பார்த்துவிட்டு, தூங்கும் குழந்தைகளைத் தோளில் போட்டுக்கொண்டு வருகிற ஜனங்கள் விடியற்காலையில் வண்டியைத் தள்ள வேண்டியதுதான்.

இதைவிடப் பெரிய ஆபத்து அந்த இல்லாத ஃபியூஸ். ஃபியூஸ் இருப்பது விளக்கைக் காப்பாற்ற அல்ல, வயரைக் காப்பாற்ற. கார் பாட்டரி ஷார்ட் ஆனால் நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொட்டும். கதவு கீலில் உரசித் தோல் உரிந்த தலைமுடி வயர் ஒன்று பாடியைத் தொட்டால், சில நொடியில் அது சிவக்கும். பக்கத்தில் என்ன இருக்கிறது? கூரை ரெக்ஸின், ஃபோம், சீட் துணி. எல்லாமே எரியக்கூடியவை. 2.4 ஆம்பியர் எடுக்கும் ஸ்டிரிப்புக்கு 3 ஆம்பியர் அல்லது 5 ஆம்பியர் ஃபியூஸை, பாட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் போட வேண்டும். பாட்டரிக்கும் ஃபியூஸுக்கும் நடுவே உள்ள வயருக்குப் பாதுகாப்பே கிடையாது. அதனால்தான் அந்தத் துண்டு சின்னதாக இருக்க வேண்டும். ஃபியூஸுக்குப் பதில் சிகரெட் தாளும் செம்புக் கம்பியும் வைக்கிற 'கைவைத்தியம்' கூடவே கூடாது.

கர்ட்டன் ஏர்பேக் உள்ள கார்களில் இன்னொரு விஷயம். அந்தப் பை கூரை ஓரத்தில் மடித்து வைக்கப்பட்டிருக்கும். அந்தப் பக்கம் ஸ்டிரிப் ஒட்டுவதோ, வயரைச் செருகுவதோ, மஞ்சள் உறை போட்ட வயரைத் தொடுவதோ வேண்டாம்.

8. எந்த நிறம், எவ்வளவு வெளிச்சம்?

பழைய பல்பின் நிறம் சுமார் 2700 கெல்வின், விளக்கு வெளிச்சம் மாதிரி இளமஞ்சள். கடையில் 6000 கெல்வின் நீல வெள்ளைதான் அதிகம் தருவார்கள். பளிச்சென்று இருக்கும், வாங்கத் தோன்றும். ஆனால் இருட்டுக்குப் பழகிய கண்ணை நீலம் கலந்த ஒளிதான் அதிகம் கலைக்கும். கண் முழுதாக இருட்டுக்குப் பழக 20 நிமிடத்துக்கு மேல் ஆகும். செஞ்சியிலிருந்து கிராமத்து ரோட்டில் போகும்போது பின் சீட்டில் யாரோ செருப்பைத் தேட விளக்கைப் போட்டால், டிரைவருக்கு முன் கண்ணாடியில் தன் முகம்தான் தெரியும், ரோட்டில் படுத்திருக்கும் மாடு தெரியாது. ஆகவே 3000 கெல்வின், 50 முதல் 100 லூமன் போதும். வண்டி ஓடும்போது அணைத்து வைப்பது இன்னும் நல்லது.

சூட்டையும் மறக்கக் கூடாது. எல்.இ.டி. முன்பக்கம் சுடாது, முதுகு சுடும். சித்திரை வெயிலில் கோட்டை அடிவாரத்தில் நிறுத்திய காருக்குள் 60 டிகிரியைத் தாண்டலாம். அதனால் அதிக வாட் எல்.இ.டி.யை மூடிக்குள் அடைத்தால் அதுவே தன்னைச் சுட்டுக்கொள்ளும்.

9. எதைத் தொடக் கூடாது?

உள் விளக்கில் கற்றதை வெளி விளக்கில் காட்ட வேண்டாம். இண்டிகேட்டரில் 21 வாட் பல்பைக் கழற்றி எல்.இ.டி. போட்டால், ஃப்ளாஷர் ரிலே 'பல்பு ஃபியூஸ்' என்று நினைத்து வேகமாக அடிக்கும். ஹெட்லைட்டின் குவியாடி, இழை இருக்கும் இடத்தை வைத்துச் செய்யப்பட்டது. அங்கே எல்.இ.டி.யைத் திணித்தால் வெளிச்சம் சிதறி எதிரே வருகிறவர் கண்ணில் அடிக்கும். தயாரிப்பாளர் குறித்ததிலிருந்து வண்டியை மாற்றுவதை 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது என்பதையும் நினைவில் வையுங்கள்.

10. வைவாவில் கேட்டால்?

கே: எல்.இ.டி.யோடு ரெசிஸ்டர் எதற்கு?
ப: வோல்டேஜ் கொஞ்சம் ஏறினாலும் கரண்ட் நிறைய ஏறும். அதைக் கட்டுப்படுத்த.

கே: ஃபியூஸ் எதைக் காக்கிறது?
ப: வயரை.

கே: கதவு சுவிட்ச் எந்தப் பக்கம்?
ப: பெரும்பாலும் நெகட்டிவ் பக்கம். கதவு திறந்தால் பாடியோடு சேர்ந்து சுற்று முழுமையாகும்.

கே: எல்.இ.டி.யால் எப்போதும் கரண்ட் குறையுமா?
ப: பல்புக்குப் பல்பு குறையும். மீட்டர் கணக்கில் ஒட்டினால் கூடும்.

முடிவுரை

மாருதி 800, அம்பாசிடர் இரண்டும் 2014-லேயே உற்பத்தி நின்றுவிட்டன. ஆனாலும் நம் பக்கத்து ஷெட்டுகளுக்கு அவை இன்னும் வருகின்றன. பக்கத்திலேயே கம்ப்யூட்டர் வைத்த புது வண்டியும் நிற்கிறது. ஷெட்டில் பத்து வருஷம் வேலை பார்த்த அண்ணனுக்குக் கைப்பழக்கம் நம்மைவிட அதிகம். நம்மிடம் இருப்பது ஓம் விதியும் ஒரு மல்டிமீட்டரும்தான். அவரிடம் கையைக் கற்றுக்கொண்டு, அவருக்குக் கணக்கைச் சொல்லிக் கொடுத்தால் இருவருக்கும் லாபம், வண்டியில் ஏறும் ஜனங்களுக்கும் பத்திரம்.

அடுத்த முறை யாராவது, "தம்பி, உள்ள லைட்டை எல்.இ.டி. ஆக்கிக் குடுப்பா" என்று கேட்டால், முதலில் வோல்டேஜை அளங்கள், பிறகு ஃபியூஸைப் பாருங்கள், அதற்குப் பிறகு பல்பை எடுங்கள்.